காயமும் கைச்சாத்தும்

அடிக்கடி காயமுறும் சிறந்த உதைபந்தாட்ட வீரருடன் ஒரு சங்கம் எவ்வாறு உடன்படிக்கை செய்தல் தகும் என்பது ஆராயற்பாலது. லண்டன் மாநகரின் ஆர்சனல் சங்கத்தில் 2004-ஆம் ஆண்டு சேர்ந்த ஹாலந்து வீரர் ராபின் வான் பெர்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாம்.

2009-ஆம் ஆண்டின் நடுவில் அவர் புதிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே, தம் நாட்டிற்காக இத்தாலியருடன் ஆடிய நட்பாட்டத்தில் கணுக்கால் காயமுற்று, ஏறக்குறைய ஐந்து மாதம் ஆடாதிருந்தார். காயம் நேர்ந்தது பிறிதோர் ஆட்டத்தில், இழப்புற்றதோ சங்கம். பின்னர் 2011-12 பருவத்தில் லீக் ஆட்டங்கள் முப்பத்தெட்டிலும் இறங்கி 30 கோல் அடித்தார். புதுப்பிக்கும் பேச்சோ பருவ முடிவுக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ஓராண்டே எஞ்சிய நிலையில், 2012 ஜூலையில், கையொப்பமிடேன் என அறிவித்தார். ஆகஸ்டில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்திற்கு விற்கப்பட்டார். அடுத்த பருவமே அங்கு லீக் பட்டமும் பெற்றார்.

நன்றி மறந்தாரெனப் பலர் தூற்றினர். யாம் அதற்கு உடன்படோம். சில்லாண்டே உழைக்கவல்ல தேகத்தை நம்பி வாழ்வோர் தம் நலம் நாடுதல் குற்றமன்று. தவறு தாமதத்தினுடையது. தவணை முடிந்தபின் வீரர் விலையின்றியே வெளியேறலாமாதலின், கடைசி ஆண்டில் பேசும் சங்கம் கதிர் முற்றியபின் வாரம் பேசுவாரை ஒக்கும். நோயிற் காத்த நன்றி பசுமையாயிருக்கும்போதே, நிலையான ஊதியமும் ஆடிய ஆட்டங்களுக்கேற்ற மேலூதியமுமாக இசைந்துகொள்ளல் வேண்டும். காயத்தைப் பகிர்ந்து சுமந்தோர் பயனையும் பகிர்ந்துகொள்ள அதுவே வழியென்பது எமது துணிபு.