உழுதவனுக்கு உழக்கேனும் மிஞ்சட்டும்

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது பழமொழி. ஏர் பிடித்தவனைக் குறித்த இம்மொழி, இன்று கணிப்பொறி விளையாட்டுகளை உருவாக்குகின்றவனுக்கும் பொருந்துகிறது.

பெரிய நிறுவனங்களைச் சாராமல், தனியாகவோ இருவர் மூவராகவோ ஆட்டங்களை உருவாக்குவோர் உலகெங்கும் உள்ளனர். ஆட்டம் விற்பனைக்கு வரும்வரை இவர்களுள் பலருக்கு ஊதியம் என்பதே இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பரோன் 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' உழவுத் தொழிலைப் பற்றிய ஆட்டம். ஓவியம், இசை, கதை, நிரல் அனைத்தும் அவர் ஒருவரே செய்தவை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அக்காலத்தில் கலையரங்கில் இருக்கை காட்டும் வேலையும் பார்த்தார். அவர் வென்றார். அவரைப் போலவே உழைத்து, வெல்லாதவர் எத்தனை பேர்!

விற்கும் ஆட்டத்திலாவது நியாயமான பங்கு கிடைக்கிறதா? கணிப்பொறி ஆட்டங்களை விற்கும் மிகப் பெரிய இணையக் கடையான ஸ்டீம், விற்பனையில் 30 விழுக்காட்டைத் தரகாக எடுத்துக் கொள்கிறது. 500 ரூபாய் ஆட்டத்தைத் தள்ளுபடியில் 125 ரூபாய்க்கு நாம் வாங்கினால், தரகு போகப் படைத்தவனுக்கு மிஞ்சுவது 87 ரூபாய் 50 காசு. வரியும் அதிலிருந்து கழியும்.

கடைக்காரனும் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். பணம் வசூலிப்பதும், ஆட்டத்தை உலகெங்கும் கொண்டு சேர்ப்பதும் உழைப்பே. ஆனால் 2018-இல் அக்கடை செய்த மாற்றம் என்ன? ஓர் ஆட்டத்தின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகைக்குத் தரகு 25 விழுக்காடு. 5 கோடியைத் தாண்டினால் 20. எளியவனுக்கோ அதே 30! வலியவனுக்குச் சலுகை, மெலியவனுக்கு முழுச் சுமை. இது எந்த ஊர் நியாயம்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் ஈட்டும் சிறு படைப்பாளிகளுக்கு, ஆப்பிள் நிறுவனம் 2021-இல் தரகை 15 விழுக்காடாகக் குறைத்தது. எபிக் நிறுவனத்தின் கடை 2018-இல் தொடங்கியபோதே 12 விழுக்காடுதான் கேட்டது. இட்ச் என்னும் தளத்திலோ, கடைக்கு எவ்வளவு தருவது என்பதைப் படைத்தவரே முடிவு செய்கிறார். சிறியவரிடம் குறைவாக வாங்கியும் கடை நடத்தலாம் என்பதற்கு இவையே சான்று.

கடைகளை மட்டும் குறை கூறி நாம் நழுவிவிட முடியாது. 'ஒரு படி எடுத்துக் கொடுடா' என்று திருட்டுப் பிரதி கேட்பவர்கள் நாம்தாமே? தேநீருக்கும் திரைப்படத்திற்கும் தயங்காமல் கொடுக்கும் கை, ஆட்டத்திற்கு மட்டும் மூடிக் கொள்வதேன்? கண்ணுக்குத் தெரியாத உழைப்பு உழைப்பில்லை என்ற எண்ணந்தானே காரணம்?

இயன்றால் விலை கொடுத்து வாங்குவோம். இயலாவிடில், படைத்தவரே இலவசமாகத் தரும் ஆட்டங்களை ஆடுவோம். பிடித்திருந்தால் நான்கு வரி பாராட்டி எழுதுவோம். அது அடுத்தவரை வாங்கத் தூண்டும். நாளை நம் வகுப்புத் தோழன் ஒருவனே ஓர் ஆட்டத்தை உருவாக்கி நம் முன் நீட்டக்கூடும். அன்று அவனிடம் இலவசமாகக் கேட்போமா, விலை என்னவென்று கேட்போமா? சிந்திப்போம் நண்பர்களே!