பீமனின் கதாயுதமும் பகடை விதியும்

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, நிறைவு நாளன்று படுகளம் எனப்படும் களத்தில் ஒரு பேருருவம் மல்லாந்து கிடக்கும். மண்ணைக் குழைத்துப் பல பேர் சேர்ந்து செய்த துரியோதனன் அது. அதன் ஒரு கை மட்டுமே ஆள் உயரத்தைத் தாண்டும். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி வந்தும், அதன்மேல் ஏறி இறங்கியும் மோதிக்கொள்வார்கள். கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுவான். பீமன் மண்தொடையில் ஓங்கி அடிக்க, உள்ளே வைத்திருந்த செந்நிற நீர் பீறிடும். பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி.

இரவெல்லாம் கூத்து பார்த்துவிட்டுப் படுகளத்துக்கும் வந்து நிற்கிற சிறுவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. பெரிய உடம்பும் பெரிய ஆயுதமும் இருந்தால் ஜெயித்துவிடலாமா? உலகின் இன்னொரு மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறவர்களும் ஐம்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அந்த ஆட்டத்தின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்டது. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். வாள் வீசினால் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கணினியும் வேண்டாம், திரையும் வேண்டாம். விதிப் புத்தகம், பென்சில், பகடைகள், கொஞ்சம் கற்பனை போதும். இந்தியாவின் பெருநகரங்களிலும் இதை ஆடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள்.

உருவ அளவும் ஆயுத அளவும் அந்த விதிப் புத்தகங்களில் பல முறை மாறியிருக்கின்றன. 1978-ல் வந்த புத்தகத்தில் ஒரே நீண்ட வாளுக்கு இரண்டு கணக்கு. எதிரி மனித அளவில் இருந்தால் எட்டு முகப் பகடை. அதைவிடப் பெரிய உருவம் என்றால் பன்னிரண்டு முகப் பகடை. அதாவது அடிபடுகிறவரின் அளவைப் பார்த்தார்கள். 2003-ல் திருத்திய விதிகள் பார்வையை அடிக்கிறவரின் பக்கம் திருப்பின. குள்ளருக்கென்று ஒரு வாள், மனிதருக்கென்று ஒன்று, பூதத்துக்கென்று ஒன்று. தன் அளவுக்குப் பொருந்தாத ஆயுதத்தை எடுத்தால், ஒவ்வொரு படி வித்தியாசத்துக்கும் பகடை எண்ணில் இரண்டு குறையும்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதையெல்லாம் சுருக்கி ஒரே வரியாக்கியது. உருவத்தில் சிறியவர் கனமான ஆயுதத்தைத் தூக்கினால், இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எவ்வளவு பெரிய தண்டனை என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும் என்று வைத்துக்கொண்டால், மனிதருக்கு வாய்ப்பு பாதி. மூன்றடி உயர ‘ஹாஃப்லிங்’ பாத்திரத்துக்குக் கால்வாசிதான். அவன் எத்தனை பலசாலி, எத்தனை ஆண்டுகள் பயின்றவன் என்று விதி கேட்கவே இல்லை. உயரத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டது.

அது தவறான விதி. பத்தாண்டு கழித்து, 2024 பதிப்பில், அதை வெளியிட்டவர்களே மாற்றினார்கள். இப்போது உருவ அளவு கணக்கில் இல்லை. கனமான வாளைத் தூக்க பலம் 13 இருக்க வேண்டும். நெடுவில்லை வளைக்க லாகவம் 13 வேண்டும். இருந்தால் தடை கிடையாது, குள்ளனானாலும் சரி. இல்லாவிட்டால் ஆறடி ஆளுக்கும் அதே தண்டனை.

ஆரணிப் பட்டு நெசவாளிக்கு இந்த நியாயம் சட்டென்று விளங்கும். குழித்தறியில் உட்காருகிறவருக்கு மிதி எட்டவில்லை என்றால், குட்டையானவர் தறிப்பக்கம் வரக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. மிதியைக் கட்டிய கயிற்றைச் சரிசெய்து கொடுக்கிறார்கள். பிறகு கைவேலைதான் பேசும்.

வியாச பாரதம் இதை இன்னும் ஆழமாகவே யோசித்திருக்கிறது. மடுவில் ஒளிந்திருந்த துரியோதனனிடம் தருமன், பிடித்த ஆயுதத்தை எடுத்துக்கொள், எங்கள் ஐவரில் யாரோடு வேண்டுமானாலும் மோது, ஒருவரை வென்றால் நாடு உனக்கு என்கிறான். கண்ணனுக்கு வருகிற கோபம் சாதாரணக் கோபமில்லை. காரணம் உண்டு. பீமனைப் போலவே ஓர் இரும்புச் சிலை செய்து வைத்து, பதின்மூன்று ஆண்டுகள் அதை அடித்து அடித்துப் பழகியவன் துரியோதனன். பீமனிடம் இருப்பது பலம், இவனிடம் இருப்பது பயிற்சி. இரண்டும் மோதினால் பயிற்சிதான் மேல் என்று கண்ணன் கணிக்கிறான். நேர்மையாகச் சண்டையிட்டால் பீமன் தோற்பான் என்பதால்தான் தொடைக்குச் சாடை காட்ட வேண்டிவருகிறது. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது கதாயுதப் போரின் விதி. அது மீறப்பட்டதைக் கண்டு பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பீமன்மேல் பாய்கிறான்.

ஆயுதம், ஆளின் பலம், பழக்கம், எங்கே அடிக்கலாம் என்ற எல்லை, எல்லை மீறினால் கிடைக்கும் பழி. ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய விதிகள் அத்தனையும் இந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

உருவமே ஆயுதமாகும் இடமும் உண்டு. கர்ணனின் சக்தி ஆயுதம் பட்டுச் சாகிற கடோத்கசன், விழும்போது தன் உடலைப் பெருக்கிக்கொண்டு கௌரவர் சேனையின் மேல் சாய்ந்து நசுக்குகிறான். அந்தச் சக்தியோ ஒரே முறைதான் வேலை செய்யும். அர்ச்சுனனுக்காகக் கர்ணன் பொத்தி வைத்திருந்தது அங்கே தீர்ந்துபோகிறது. எல்லா ஆயுதமும் இழந்த அபிமன்யு தேர்ச்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுகிறான். அது அவன் அளவுக்குச் செய்த ஆயுதமா என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை.

புராணத்தை விட்டு நிலத்துக்கு வந்தால் சிலம்பம் இருக்கிறது. ஆசான் கம்பை மாணவனின் பக்கத்தில் நிறுத்தி, நெற்றி அளவு பார்த்துக் கொடுப்பார். வளர்கிற பிள்ளைக்குக் கம்பும் வளரும். ஆளை ஒதுக்குவதற்காக அளவு பார்ப்பதில்லை. ஆளுக்குப் பொருத்துவதற்காகப் பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. உடம்புக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவு பற்றி இவ்வளவு தெளிவான நடைமுறை அறிவு கைவசம் இருக்கும்போது, ‘ஹாஃப்லிங்’ என்ன வாள் தூக்கலாம் என்பதை மட்டும் நம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

அயல் ஆட்டம் வேண்டாம் என்பதல்ல வாதம். அது நல்ல ஆட்டம். சேர்ந்து கதை சொல்லவும், கணக்குப் போடவும், அடுத்தவர் முறைக்குப் பொறுமையாகக் காத்திருக்கவும் பழக்குகிறது. அந்த ஆட்டத்துக்காகவே 2022-ல் வெளிவந்த ஒரு கதைத் தொகுப்பில், மிமி மொண்டல் என்ற எழுத்தாளர் வங்காள மண்ணை மனத்தில் வைத்து ஒரு சாகசக் கதையை எழுதிச் சேர்த்திருக்கிறார். வங்காளத்தால் முடிந்தது ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தாலும் முடியும். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து வாழ்கிறது. தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய் கோவிவனும் பெயரோடு நிற்கிறது. நாய்க்கும் பெயர் எழுதி வைத்த ஊரில் கதைக்குப் பஞ்சமில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் ஆரணி வட்டாரத்து ஆசிரியர்களும், கூத்து வாத்தியார்களும், சிலம்ப ஆசான்களும் பிள்ளைகளோடு ஒரு மேசையைச் சுற்றி உட்காரட்டும். படுகளத்தின் கடைசிச் சண்டையைத் தமிழ் விதிகளோடு ஆட்டமாக எழுதட்டும். பலத்துக்கு ஓர் எண், பயிற்சிக்கு ஓர் எண், இடுப்புக்குக் கீழே அடித்தால் என்ன பழி என்று ஒரு விதி. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். உயரத்துக்கு எண் வேண்டாம். இடம் கேட்டு வருகிறவர்களுக்கு ஊர் நூலகங்கள் ஒரு மேசை ஒதுக்கித் தர வேண்டும்.