பழி லூகாஸ் மேல், பிழை எர்த்தில்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் அந்தக் கார்களுக்கு மின்சாதனம் செய்த லூகாஸ் நிறுவனத்தைப் பற்றிய ஜோக் வராமல் பேச்சு முடியாது. லூகாஸ் ஹெட்லைட் சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: மங்கல், மினுக்கல், இருட்டு. ஆங்கிலேயர்கள் பீரைக் குளிர வைக்காமல் குடிப்பது ஏன்? அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் லூகாஸ் தயாரிப்பு. 1870களில் பர்மிங்காமில் விளக்கு செய்து தொழிலைத் தொடங்கிய ஜோசப் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசர்’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

சிரிப்பதில் தப்பில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாத காலையில் இந்த ஜோக்கையே காரணமாக எடுத்துக்கொள்வதுதான் தொல்லை. “லூகாஸ்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மீட்டரைத் தொடாமலே முதலில் பேட்டரி, பிறகு செல்ஃப் மோட்டார், அதற்கும் பிறகு ஆல்டர்னேட்டர் என்று வரிசையாக வாங்கி மாட்டுவார்கள். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த எம்ஜிபி காரை வைத்து இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் குற்றச்சாட்டு, லூகாஸ் சரக்கே மட்டம் என்பது. 1951க்கும் 1957க்கும் இடையே லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஜாகுவார் கார்கள் இரவு முழுக்க ஓடியது லூகாஸ் விளக்கில். 1967 முதல் 1983 வரை ஃபார்முலா ஒன்னில் 155 பந்தயங்களை வென்ற காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினுக்கு எரிபொருளைப் பீய்ச்சியதும் லூகாஸ் கருவி. அன்றைய பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாதனம் தந்தது இந்த ஒரே நிறுவனம் என்பதையும் மறக்கக் கூடாது. பழுதாகி நின்ற வண்டி எதைத் திறந்தாலும் உள்ளே அதே பெயர் இருந்தது. 1961இல் இதே நிறுவனம் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் ஆலை தொடங்கியது. அங்கே லூகாஸ் என்றால் வழி சொல்ல உதவும் பெயர். இளவரசர் பட்டமெல்லாம் கிடையாது.

குறையே இல்லை என்று வாதாட வேண்டியதில்லை. ஆரம்ப கால எம்ஜிபியில் மொத்தம் இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸும் இல்லை, ரிலேயும் இல்லை. முழு மின்னோட்டமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வந்தது. ரிலேக்களை லூகாஸே விற்றுக்கொண்டிருந்தது. வாங்கிப் பொருத்தாமல் காசை மிச்சம் பிடித்தது கார் கம்பெனி.

“பேட்டரி போயிருக்கும்” என்பது அடுத்த தீர்ப்பு. இருக்கலாம், ஆனால் அதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2க்கு வந்தால் ஏறக்குறைய பாதி காலி. செல்ஃப் சுற்றும்போது பத்தை ஒட்டி நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. 1974 வரை எம்ஜிபியில் இருந்தவை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில், சாலைத் தண்ணீரும் சேறும் தெறிக்கும் இடத்தில் அவற்றை வைத்து, நடுவே ஒரு இணைப்புக் கேபிளையும் போட்டிருந்தார்கள். சாதாரணக் காரில் சந்தேகப்பட வேண்டிய முனைகள் இரண்டு என்றால் இதில் நான்கு. அதிலும் ஆளின் கை சுலபமாக எட்டாத நான்கு! பல வண்டிகளில் பேட்டரி நன்றாகவே இருக்கும். முனையில் பூத்த வெள்ளைப் பொடிதான் வில்லன்.

எம்ஜிபிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது மூன்றாவது இடத்தில். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், எஞ்சின் அசையவில்லை. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது. செல்ஃப் மோட்டார் இழுப்பது 200 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு மூட்டில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே வெப்பமாகக் கரைந்துவிடும். மிச்சத்தில் மோட்டார் எப்படிச் சுற்றும்?

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் தாங்கிகளில். ரப்பரில் மின்சாரம் பாயாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பட்டைக் கம்பி உண்டு, எர்த் ஸ்ட்ராப். எஞ்சினை இறக்கி ஏற்றிய மெக்கானிக் அதை மாட்ட மறந்தாலோ, துருவில் அது அறுந்தாலோ, மின்னோட்டம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் வேறு சாட்சியே தேவையில்லை. மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது எர்த் பாதையில். அந்தப் பட்டைக் கம்பியின் விலை, மோட்டார் விலைக்குப் பக்கத்தில் வராது.

ஆரம்ப கால வண்டிகளில், சாவி திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலினாய்டு தனியாக இருக்கும். கையால் அழுத்த அதில் ஒரு ரப்பர் பொத்தானும் உண்டு. அழுத்தினால் எஞ்சின் சுற்றுகிறதா? அப்படியானால் மோட்டார், பேட்டரி, தடித்த கேபிள்கள் எல்லாம் நிரபராதிகள். தேட வேண்டியது சாவிப் பக்கத்து மெல்லிய வயரில்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறைதான் சாபக்கேடு என்கிறவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். அமெரிக்க ஃபோர்டு கார்களும் 1955 மாடல் வரை பாசிட்டிவ் எர்த்தில்தான் ஓடின. எம்ஜிபி 1967 கடைசியில் நெகட்டிவ் எர்த்துக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மாறியது, ஜோக் மாறவில்லை.

செல்ஃப் நன்றாக எடுக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் உடனே வரும் அறிவுரை, பாயின்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு என்பது. நல்ல கருவிதான். ஆனால் காயிலுக்கு வோல்டேஜே வரவில்லை என்றால் அதனால் என்ன செய்ய முடியும்? பிந்தைய ரப்பர் பம்பர் எம்ஜிபிகளில் காயிலுக்கு முன்னால் ஒரு தடைக் கம்பி உண்டு. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி முழு வோல்டேஜ் காயிலுக்குப் போகும். சாவியைப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பிடித்து, விட்டதும் சட்டென அணைந்தால், அறுந்தது அந்தத் தடைக் கம்பியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பின்புறத்தில் எஸ்யூ பெட்ரோல் பம்ப்பின் ‘டக் டக்’ சத்தமே இல்லை என்றால் அதன் பாயின்ட் கருகியிருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம். பம்ப்பை லேசாகத் தட்டினால் சில நேரம் உயிர் வரும். அந்தப் பம்ப் லூகாஸ் தயாரிப்பு அல்ல என்பதைத் தட்டுகிறவர்கள் கவனிப்பதில்லை.

கடைசியாக, வயரிங்கே ஒரு காடு, மொத்தத்தையும் பிடுங்கிப் புதிதாகப் போடுவதே வழி என்ற வாதம். இந்தக் காட்டுக்குத் தெளிவான வரைபடம் உண்டு. பழுப்பு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் வரும். பச்சை, அதுவே ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா, பழுப்பே ஃபியூஸ் தாண்டி வருவது. கறுப்பு எர்த். இந்த ஐந்தும் தெரிந்தால் பாதி வண்டியைப் படித்துவிடலாம். குழப்பம் பெரும்பாலும் பின்னால் வாங்கியவர்கள் செய்தது: ஸ்டீரியோவுக்கு ஒரு ஒட்டு, ஃபாக் லைட்டுக்கு ஒரு முறுக்கு, மேலே கறுப்பு டேப். ஃபியூஸிலும் இதே கதை. லூகாஸ் ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அது தெரியாமல், தொடர்ந்தே 35 தாங்கும் ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் உருகும்.

புது வயரிங் போட்டவர்களுக்கும் நிம்மதி உறுதியில்லை. பாடியை மெருகேற்றிப் பளபளவென்று பெயின்ட் அடித்து, எர்த் போல்ட்டை அந்தப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கிய வண்டிகளில் பின்விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது, பெட்ரோல் முள் தாறுமாறாக ஆடுகிறது. போல்ட்டைக் கழற்றி, அடியில் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி முறுக்கினால் போதும்.