ஐந்து மில்லிமீற்றர் பாதை

கோடை விடுமுறை தொடங்கியதும் எமது குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகவே புறப்படுகின்றன. பாரிசில் மாமா வீடு, இலண்டனில் சித்தி வீடு, யேர்மனியில் ஒரு திருமணம் அல்லது பூப்புனித நீராட்டு விழா. நெடுஞ்சாலையிற் பல மணி நேரம் ஓடி, ஒரு வரவேற்பறையிலிருந்து இன்னொரு வரவேற்பறைக்குச் சென்று, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, மீண்டும் அதே நெடுஞ்சாலையால் வீடு திரும்புகின்றோம். உறவைப் பேணுதல் நன்றே. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆனால், சூரிச்சிலிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஓர் ஏரிக்கரை ஊரைப் பல ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தும் அறியாதிருக்கின்றோமே, இது தகுமா என்பதே எமது கேள்வி.

மலைகளைக் காணச் செல்வோரும் எம்மிடையே உளர். அவர்களுட் பலர் திரைப்படத்திற் கண்ட இடத்தைத் தேடி இறங்கி, ஒளிப்படம் எடுத்து, கட்டுச்சோற்றை உண்டு, மாலையில் திரும்பிவிடுகின்றனர். பார்த்தோம் என்பது உண்மை. பிள்ளைகளோடு எதனைப் பேசினோம் என்று கேட்டால் விடை இல்லை.

நாம் குறிப்பிடும் ஊர் புருன்னென். ஷ்வீற்ஸ் மாநிலத்தில், லுசேர்ன் ஏரியின் கரையில் அமைந்த சிற்றூர். சுவிற்சர்லாந்து என்ற பெயரே இம்மாநிலத்தின் பெயரிலிருந்துதான் பிறந்தது. கடல் மட்டத்திலிருந்து 434 மீற்றர் உயரத்தில் இருக்கும் இவ்வேரி, மிக ஆழமான இடத்தில் 214 மீற்றர் ஆழமுடையது. புருன்னெனில் நின்று தெற்கே நோக்கினால், ஊரி ஏரி எனப்படும் அதன் கிளை, செங்குத்தான மலைகளுக்கிடையே நீண்டு கிடப்பதைக் காணலாம். கப்பற் பயணம், நீச்சல், மலையேற்றம் என விடுமுறைக்கு வேண்டிய யாவும் இங்குண்டு. அயலிலுள்ள ஸ்ரோஸ் என்ற மலைக் கிராமத்துக்கு 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கம்பிவட இரயில் செல்கிறது. அதன் மிகச் செங்குத்தான பகுதியின் சரிவு 110 சதவீதம். அதாவது, 100 மீற்றர் முன்னே செல்வதற்குள் 110 மீற்றர் மேலே ஏறிவிடும். பிள்ளைகள் அதில் ஏற ஆசைப்படுவர், ஏற்றிச் செல்லுங்கள். ஆனால் பயணச்சீட்டு வேண்டாத ஒன்றும் அங்கே உண்டு. அதுவே நாம் சொல்ல வந்த பாதை.

1291ஆம் ஆண்டில் ஊரி, ஷ்வீற்ஸ், உன்டர்வால்டன் ஆகிய மூன்று பகுதியினரும் ஏரியின் மறுகரையிலுள்ள றூட்லி என்ற புல்வெளியிற் கூடி, ஒருவர்க்கொருவர் துணைநிற்பதாகச் சபதம் செய்தனர் என்பது இந்நாட்டு மரபு. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கை ஓலை, ஷ்வீற்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. எழுநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, 1991ஆம் ஆண்டில் றூட்லியிலிருந்து ஊரி ஏரியைச் சுற்றிப் புருன்னென் வரை 35 கிலோமீற்றர் நீளமான நடைபாதை ஒன்றைத் திறந்தனர். 'சுவிஸ் பாதை' என்பது அதன் பெயர். கூட்டாட்சியில் இணைந்த ஒழுங்கின்படி 26 மாநிலங்களுக்கும் அதில் ஒவ்வொரு பகுதி உண்டு. பகுதியின் நீளத்தை எவ்வாறு வகுத்தனர்? மாநிலத்தின் செல்வத்தை வைத்தன்று, பரப்பை வைத்துமன்று. அங்கு வாழ்வோரின் தொகையை வைத்தே வகுத்தனர். ஒருவருக்கு ஐந்து மில்லிமீற்றர். ஒரு நெல்மணியின் நீளத்திலும் குறைவு. எனினும் எல்லோருடைய நெல்மணிகளும் சேர்ந்து 35 கிலோமீற்றர் ஆயின. மாணவர்களே, நீங்கள் வாழும் மாநிலத்தின் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அங்குள்ள எல்லைக் கற்களைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

றூட்லிப் புல்வெளிக்கு இன்னொரு கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே விடுதி கட்டும் முயற்சி எழுந்தபோது, பாடசாலைப் பிள்ளைகள் காசு சேர்த்தனர். அவ்வாறு திரட்டிய பணத்தால் 1859ஆம் ஆண்டில் அந்நிலம் வாங்கப்பட்டுப் பின்னர் நாட்டுக்கு வழங்கப்பட்டது. இன்றும் அது புல்வெளியாகவே இருக்கின்றதென்றால், உங்கள் வயதொத்த பிள்ளைகளின் உண்டியற் காசும் அதற்கு ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் எமது பிள்ளைகள் இந்நாட்டுப் பாடசாலையில் யேர்மன் மொழியிற் படித்திருப்பர். வீட்டிலே தமிழில் ஒருபோதும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. இங்கேதான் எமது கவலை தொடங்குகின்றது. தமிழ்ப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் நாம் கற்பிக்கும் மொழி, பிள்ளை நாள்தோறும் காணும் மலையையும் ஏரியையும் பற்றி ஒரு சொல்லும் பேசாதாயின், அது அடுக்களையிலும் விழா மேடையிலும் மட்டுமே உயிர்வாழும் மொழியாகிவிடும். பிள்ளை வளர வளர அடுக்களையும் மேடையும் சிறுத்துப்போகும். அவற்றோடு தமிழும் சிறுத்துப்போகும்.

சென்ற கோடையில் எமது பள்ளிக் குடும்பங்கள் சில அப்பாதையின் ஒரு பகுதியை நடந்தன. தெற்கேயிருந்து வெப்பமான காற்று வீசியது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையிடம், "அப்பா, இதற்குப் பெயர் ஃபேன்" என்றான். மலையின் மறுபுறத்தில் ஈரத்தை மழையாக இழந்துவிட்டு, இப்புறம் கீழிறங்கும்போது அக்காற்று உலர்ந்து வெப்பமடைகிறது என்பதைத் தெரிந்த தமிழிலும் தெரியாததை யேர்மனிலும் விளக்கினான். தந்தையார் சற்று நின்றார். "எங்கட ஊரிலை தெற்கிலையிருந்து வாறதைச் சோளகம் எண்டுதான் சொல்லுவம். வடக்கிலையிருந்து வந்தால் வாடை" என்று தொடங்கினார். பின்னர் கச்சான், கொண்டல், கடலுக்குப் போனவர்கள் காற்றைப் பார்த்து வலை எடுத்த விதம், தாம் பள்ளிக்கு நடந்த ஒழுங்கை எனப் பேச்சு நீண்டது. உணவகத்தில் இரவு வேலை செய்து, பகலில் உறங்கும் அவர், மகனோடு அவ்வளவு நேரம் பேசியதை முன்னர் நாம் கண்டதில்லை. மகன் அறிந்ததைத் தந்தை கேட்டார். தந்தை அறிந்ததை மகன் கேட்டான். எந்தப் பாடநூலும் அதனைச் செய்து தந்திராது.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது சிறிதே. விடுமுறையில் இரண்டு நாள்களை இதற்கென ஒதுக்குங்கள். முழுப் பாதையும் வேண்டாம். இரண்டு மணி நேர நடை போதும். இடியப்பமோ புட்டோ கட்டிக்கொண்டு செல்லுங்கள். கல் விழும் இடங்களில் பாதை சில வேளைகளில் மூடப்படுமாதலால் முன்னரே விசாரித்துச் செல்லுங்கள். ஏரி ஆழமும் குளிரும் உடையது. பிள்ளைகளைத் தனியே இறங்க விடாதீர்கள். வழிகாட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தமிழிற் சொல்லும்படி கேளுங்கள்; பிழைபட்டால் சிரிக்காதீர்கள். மாணவர்களே, அன்றிரவே கண்டவற்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். சொல் தெரியாத இடத்தில் அப்பா அம்மாவைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிடின் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சொல்லை ஆக்குங்கள்.

வேலையும் செலவும் தடையென்பர் சிலர். பாரிசுக்குச் செலவழிக்கும் எரிபொருட் காசிலும் இது குறைவு. இந்நாட்டு மலைகளோடு பழகினால் பிள்ளைகள் எம் மண்ணை மறந்துவிடுவர் என அஞ்சுவோரும் உண்டு. அவர்களுக்கு அப்பாதையின் முடிவிடமே விடைசொல்லும். புருன்னெனில் பாதை முடியுமிடத்திலுள்ள சதுக்கம், வெளிநாடுகளில் வாழும் சுவிஸ் மக்களுக்கு உரியது. வறுமையால் இந்நாட்டைவிட்டுப் போனோர் பலர். கிளாருஸ் மாநிலத்தார் 1845இல் அமெரிக்காவிற் குடியேறிய ஊர் இன்றும் 'புதிய கிளாருஸ்' என்றே அழைக்கப்படுகின்றது. புதிய ஊரை நேசித்தும் பழைய பெயரை அவர்கள் விடவில்லை. ஒன்றை நேசிக்க மற்றொன்றை மறக்க வேண்டுமென்பதில்லை.

அந்த ஐந்து மில்லிமீற்றர் கணக்கு எடுக்கப்பட்ட பின்னரே எமது மாணவர்கள் பிறந்தனர். ஆகையால் அவர்களுக்கென யாரும் அங்கே அளந்து வைக்கவில்லை. அவர்கள் தம் பங்கை நடந்தே பெற்றுக்கொள்ள வேண்டும். அப்போது அவர்கள் அருகில் நாமும் நடப்போம். தமிழிற் பேசிக்கொண்டு நடப்போம்.