எஷு சாத்தான் ஆன கதை



யொரூபா பைபிளில் சாத்தானுக்கு என்ன பெயர் தெரியுமா? எஷு.

ஆனா இஃபா குறி கேட்பவர்களுக்கு எஷு ஒரு தூதர். பாபலாவோ என்ற குறிசொல்லி, 16 பனங்கொட்டைகளைக் கையாண்டு, 256 பகுதிகளில் எது வந்திருக்குன்னு பார்த்து, அதற்குரிய பாட்டைச் சொல்வார். பிறகு கொடுக்கும் படையலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் எஷு. குறிப்பலகையின் விளிம்பில் செதுக்கிய முகமும் அவருடையதுதான்.

இந்த மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்திய சாமுவேல் அஜயி க்ரௌதர் வெள்ளைக்காரர் இல்லை, யொரூபாக்காரர். 1821இல் அடிமையாகப் பிடிபட்டு, மறு வருஷம் மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனவர். அவரைக் கைக்கூலின்னு ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. விலங்கு பூட்டப்பட்டிருந்தவருக்குக் கல்வியும் மரியாதையும் கிடைத்தது சபையில்தான். அதே சபையின் இளம் வெள்ளை மிஷனரிகள் 1890இல் அவருடைய ஆப்பிரிக்க ஊழியர்களை நீக்கி, அவரையும் ஓரங்கட்டினார்கள். மறு வருஷம் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் வெள்ளைக்கார பிஷப்.

யுனெஸ்கோ 2008இல் இஃபாவை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அது பாராட்டு மட்டுமே; சாத்தானை கும்பிடுபவர் என்ற பழி அதனால் தீராது.

மத சுதந்திரம்னு நாம் பேசும்போது, மதம் மாறியவரின் உரிமையையும் பழி சுமப்பவரின் உரிமையையும் சேர்த்தே பேசணும். ஒன்றை விட்டால் மற்றதும் பொய்.