ஆடிக்காற்றில் பாய்ப்பலகை: குமரிக் கடலில் பிடி நழுவுவது எப்போது, ஏன்?

ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2023-ல் இபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் காற்றை நம்பி நடக்கும் கைட் சர்ஃபிங்குக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இந்தியாவிலேயே பலமான காற்றடிக்கும் இடங்களில் ஒன்று ஆரல்வாய்மொழி. அப்படியானால் கன்னியாகுமரியில் பலகையை இறக்கினால் என்ன என்று கேட்பது நியாயம்தான். பதில் காற்றின் வேகத்தில் மட்டும் இல்லை. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதிலும் இருக்கிறது.

காற்று இரு மடங்கானால் இழுப்பும் இரு மடங்கா?

இல்லை, நான்கு மடங்கு. பாயின் மேல் விழும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 20 கி.மீ. காற்று 28 ஆனாலே இழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் ‘45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்று அடிக்கடி படிக்கிறோம். 25 கி.மீ. காற்றில் சுகமாக ஓட்டியவர் அந்த 65 கி.மீ. வீச்சில் சிக்கினால், அதே பாய் அவரை ஏழு மடங்கு விசையோடு இழுக்கும்.

முப்பந்தல் காற்றாலைகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. காற்று ஒரு அளவைத் தாண்டினால் நவீன காற்றாலைகள் இறக்கையைத் திருப்பி, தேவைக்கு மேற்பட்ட காற்றை வழியவிடும். நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. அளவில் பெரும்பாலானவை ஓட்டத்தையே நிறுத்திவிடும். பலகை ஓட்டுபவருக்கும் பாடம் அதுதான்: வலுத்த காற்றோடு மல்லுக்கட்டக் கூடாது, வழியவிடணும்.

எப்படி வழியவிடுவது?

பாதி வேலை கரையிலேயே முடிந்துவிடும்.

* சின்னப் பாய்: 75 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 22 கி.மீ. காற்றில் சுமார் 7.5 சதுர மீட்டர் பாய் பொருந்தும். 37 கி.மீ. காற்றில் சுமார் 5 சதுர மீட்டர் போதும். பலகையும் அதன் அடியில் உள்ள ஃபின்னும் கூடவே சிறிதாகணும். ஃபின் பெரிதாக இருந்தால் வேகத்தில் அது பலகையையே தூக்கிவிடும்.

* டவுன்ஹால்: பாயை மாஸ்ட் வழியாகக் கீழே இழுத்துக் கட்டும் கயிறு இது. நன்றாக இறுக்கினால் பாயின் மேல்பகுதி பின்விளிம்பு தளரும். திடீர் வீச்சு வரும்போது அந்த இடம் தானாகத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். பாயைத் தளர்த்திக் கட்டினால் அது பை மாதிரி உப்பி, காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

* ஹார்னெஸ்: இடுப்பில் கட்டும் பட்டை. பாயின் இழுப்பை இதில் மாட்டி உடல் எடையால் தாங்கணும். கைபலத்தை நம்பினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும்.

தண்ணீரில் இறங்கியபின் முழங்கை நீண்டிருக்கணும், இடுப்பு தாழ்ந்திருக்கணும். முன்கால் நீட்டி, எடையை மாஸ்டின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோனால் பலகையின் மூக்கு காற்றில் எழும்பாது. வீச்சு வந்தால் பின்கையைக் கொஞ்சம் நீட்டிப் பாயைத் திறக்கணும். பயந்தவர் கை தானாக உள்ளே இழுக்கும். அப்படி இழுத்தால் பாய் இன்னும் காற்றைப் பிடிக்கும், ஆள் தூக்கி எறியப்படுவார். எதுவும் சரிவராவிட்டால் பாயைத் தண்ணீரில் போட்டுவிடலாம். அது இழுவையாகி, அடித்துச் செல்வதைக் குறைக்கும்.

குமரியில் என்ன சிக்கல்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வீசுவது மேற்கிலிருந்து வரும் கச்சான். மாவட்டத்தின் மேற்குக் கரையில், முட்டம், குளச்சல் பக்கம், அது கடலிலிருந்து கரை நோக்கி வரும். ஆளைக் கரைக்குத் தள்ளும் காற்று என்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் பருவமழைக் காலத்து அலை கரையோரத்திலேயே உடைவதால் பலகையோடு உள்ளே போவதே பெரும்பாடு. அந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பதால் கண்ணெட்டும் தூரத்தில் உதவிக்குப் பெரிய படகும் இருக்காது.

குமரிமுனைக்குக் கிழக்கே சின்னமுட்டம் பக்கம் கதை தலைகீழ். அதே காற்று அங்கே தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையை ஒட்டித் தண்ணி தட்டையாக, அமைதியாகத் தெரியும். உள்ளே போகப்போக காற்றும் அலையும் கூடும். பாயைக் கீழே போட்டாலும் பலகை மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத்தான் போகும். அனுபவம் குறைந்தவரை ஏமாற்றுவது இந்தக் கரைதான்.

மூன்றாவது ஆபத்துக்குக் காற்றே வேண்டாம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். எங்கோ தெற்கே, நடுக்கடலில் உருவாகி வரும் கள்ளக்கடல் அலை குறித்து அப்போது எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. உள்ளூரில் இலைகூட அசையாத நாளிலும் இது வரும். அதனால் வானிலைத் துறையின் காற்று அறிவிப்போடு, இன்காய்ஸ் தரும் அலை அறிவிப்பையும் பார்க்கணும்.

அப்போ இறங்கவே கூடாதா?

மீனவர்களுக்கு எச்சரிக்கை உள்ள நாளில் கூடாது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் காற்று கரைக்கு இணையாகவோ சற்றுச் சாய்வாகக் கரை நோக்கியோ அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளூர் மீனவரிடம் கேட்டுவிட்டு, மிதவை உடுப்போடு, கரையில் ஒருவரைக் கண்காணிக்க வைத்துவிட்டுத்தான் இறங்கணும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களுக்கு, பயிற்சியாளரும் மீட்புப் படகும் உள்ள இடமே சரி.

நடுக்கடலில் மாட்டிக்கொண்டால்?

கரை பக்கமாகத் தெரிந்தாலும் பலகையை விட்டு நீந்தக் கூடாது. பலகை மிதக்கும், தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். முடிந்தால் பாயைச் சுருட்டி, பலகை மேல் படுத்துக் கையால் துழாவி வரலாம். முடியாவிட்டால் இரு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள். இது உலகெங்கும் புரியும் உதவிச் சைகை. கரையில் நிற்பவர் உடனே அழைக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.