ஆடுகிறவரை மட்டும் கேட்டால் போதாது

ஆன்லைன் ரம்மி பற்றிய தமிழகச் சட்டங்களின் முன்கதை கூடங்குளத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தனியார் தோட்டத்தில் சிலர் சீட்டாடியதாக கூடங்குளம் போலீசார் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி பி. புகழேந்தி முன் வந்தது. தோட்டம் பொது இடம் ஆகாது என்று வழக்கு ரத்தானது. அதே உத்தரவில், வேலையில்லாத இளைஞர்களின் கைப்பேசிக்குள் ரம்மி பரவுவதைச் சுட்டிக்காட்டி, அதை முறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். தொடர்ந்து வந்த சட்டம் 2021 ஆகஸ்டில் செல்லாது என்று ஆனது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று விலக்குப் பெற்றன. 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடுத்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. பெரிய செயலிகள் ஒரே வாரத்தில் பண ஆட்டத்தை நிறுத்தின. நம்மிடம் ஆலோசனைக்கு வரும் பையன்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு வாசல் அடைத்தால் ஆட்டம் அடுத்த வாசலுக்குப் போவது தாமிரபரணிக் கரையில் பழைய பழக்கம்.

2003 ஜனவரியில் லாட்டரி தடை வந்தபோது நெல்லை ஜங்ஷனிலும் பேருந்து நிலையங்களிலும் இருந்த சீட்டுக் கடைகள் மறைந்தன. சீட்டு வேண்டியவர்கள் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போனார்கள். போக முடியாதவர்களுக்கு உள்ளூரிலேயே 'மூணு நம்பர்' வந்தது. கேரளக் குலுக்கல் மாலை மூன்று மணிக்கு. அதன் கடைசி எண்களின் மேல் இங்கே துண்டுச் சீட்டில் பந்தயம். கொடை விழாக்களின் ஓரத்தில் லங்கர் கட்டை உருளும். மனமகிழ் மன்றம் என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் சீட்டாட்டம் நடக்கும்.

இந்த இடங்களில் எல்லாம் இளைஞர்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதைத்தான் நம் துறை சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பதினைந்து வயதுப் பையனைச் சீட்டு கிளப்பில் உட்கார விடமாட்டார்கள், பெரியவர்கள் விரட்டிவிடுவார்கள். ஆனால் டீயும் சிகரெட்டும் வாங்கிவர அவன் வேண்டும். மீதிச் சில்லறை அவனுக்கு. மூணு நம்பரில் எண் எழுதி வாங்கவும் பணம் வசூலிக்கவும் சைக்கிள் உள்ள பையன் வேண்டும். ஆடுவதற்கு முன்பே அவன் அங்கே வேலைக்காரன். கைக்குப் பணம் வந்த பிறகு ஆட்டம் தானே வரும்.

இப்போது அந்த எடுபிடி வேலையின் பெயர் 'அக்கவுன்ட் கொடுப்பது'. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் தெரிந்த அண்ணனிடம் கொடுத்தால் கமிஷன் கிடைக்கும். பந்தயப் பணமும் சைபர் மோசடிப் பணமும் அதே குழாயில்தான் ஓடுகின்றன. வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் கணக்கு முடங்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனவனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், அவன் தங்கைக்குப் புதுமைப்பெண் பணமும் வருவது வங்கிக் கணக்கில்தான். முடங்கியது அந்தக் கணக்கு என்றால் அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்துவான். நாம் அதை 'படிப்பில் ஆர்வமின்மை' என்று குறித்துக்கொள்வோம்.

வயது வரம்பும் ஆதார் சரிபார்ப்பும் காவல் காக்கும் என்று மாநிலத்தின் 2025 பிப்ரவரி ஆன்லைன் ஆட்ட விதிகளை வகுத்தவர்கள் நம்பினார்கள். நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆட்டம் கூடாது என்றும் வைத்தார்கள். நல்ல விதிகள்தான். ஆனால் முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றும் அம்மாவின் போனை வீட்டில் இயக்குவது யார்? ஓடிபி வந்தால் "என்னல வந்திருக்கு, பாரு" என்று மகனிடம்தானே நீட்டுகிறார்? இழப்பும் அவரிடம்தான் வந்து சேர்கிறது: குழுக் கடன் தவணை தவறும், பிறகு கைமாற்று, பிறகு வட்டி. கந்துவட்டி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தபோது பார்த்த மாவட்டம் இது. அந்தத் துயரத்துக்கும் சூதுக்கும் தொடர்பில்லை, கடனுக்கு உண்டு.

நம் கேஸ் படிவங்களோ இன்னும் ஆடுகிறவரையே தேடுகின்றன. சூதாட்டக் கோளாறை நேரில் ஆடுவது, ஆன்லைனில் ஆடுவது என்று நோய் வகைப்பாட்டு ஏடான ஐசிடி-11 பிரிக்கிறது. நோயறிதலுக்கு அது உதவும். 1997-இல் வந்த இரண்டே கேள்விகள் கொண்ட 'லை-பெட்' சோதனையைப் பள்ளி ஆலோசகர்கள்கூட எளிதாகப் பயன்படுத்தலாம்: மேலும் மேலும் பணம் வைக்கத் தோன்றியதா, எவ்வளவு ஆடினாய் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்தாயா. ஆனால் ஒரு ரூபாய்கூட வைத்து ஆடாமல், அக்கவுன்ட் மட்டும் கொடுத்தவன் இரண்டுக்கும் 'இல்லை' என்று உண்மையாகவே சொல்லிவிட்டுப் போவான்.

ஆகவே வீட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். உன் கணக்கை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா? அம்மாவின் போனில் கடன் செயலி இருக்கிறதா? யாருக்காவது பணம் வசூலித்துக் கொடுக்கிறாயா? கடனும் அவமானமும் சேர்ந்த இடத்தில் தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. டெலிமனஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அவன் போனில் நம் எதிரிலேயே பதியச் செய்யலாம்.

இதெல்லாம் போலீஸ் வேலை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மத்தியச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை. நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்பவர் மீதுதான் பாய்கிறது. மாநிலச் சட்டத்திலோ ஆடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, 'நான் ஆடலையே சார்' என்று நிம்மதியாக இருக்கும் பையன்தான் சட்டத்தின் கண்ணில் பெரிய சிக்கலில் இருக்கக்கூடும். அதை அவனுக்கு முதலில் சொல்கிறவர் நாமாக இருந்தால், மறைப்பதற்குள் அவன் பேசிவிடுவான். அடுத்த படி, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரிடம் பெற்றோருடன் அனுப்புவது. கணக்கு முடங்கியிருந்தால் வங்கிக் கிளைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவைப்பது. ஜூனில் பள்ளி திறக்குமுன் படிவங்களைத் திருத்திவிட முடியும்.